கேட்டு ஆரோக்கியத்தின் மூக்கு

“ஊதுலே.”

செல்லப்பாண்டி வாயைக் குவித்து ஊதுகிறான். ஆரோக்கியம் கண்களை மூடிக்கொண்டு, தலையை வலப்புறம் லேசாகச் சாய்த்து, வந்த காற்றை மூக்கின் வாசலிலேயே நிறுத்தி விசாரிக்கிறார். பின்னால் வரிசை நீள்கிறது. விசாரணையை அவசரப்படுத்த முடியாது என்பது வரிசைக்குத் தெரியும்.

“பீடி. நேத்துக் குடிச்சது. காலைல உமிக்கரி போட்டு வெளக்கிட்டு, மேக்கொண்டு கொய்யா எலையவும் மென்னுட்டு வந்திருக்கே. எலை எதுக்குலே, நீ என்ன ஆடா?”

“பல்லு வலி அண்ணாச்சி.”

“பல்லு வலிக்குப் பீடியா, எலையா? சரி, போ உள்ள. அடுத்த ஆளு.”

நாரணாபுரம் ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனி. பெயரைச் சொன்னால் ஓசி விளம்பரமாகிவிடும். அதன் கேட்டில் தினமும் காலையில் நடக்கும் பூஜை இது. தீப்பெட்டி, பீடி, ஆணி அடித்த செருப்பு, இரும்புக் கொண்டை ஊசி ஆகியவை அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். சட்டப்படி மடியைத் தடவிப் பார்த்தால் போதும். ஆனால் மடியைத் தடவினால் தீப்பெட்டிதான் அகப்படும்; இடைவேளையில் வேலி ஓரமாகப் போய் ஓர் இழுப்பு இழுத்துவிட்டு வரலாம் என்கிற எண்ணம் அகப்படாது என்பது ஆரோக்கியத்தின் கட்சி. எண்ணத்துக்கும் வாசம் உண்டாம். ஆகவே எல்லோரும் ஊத வேண்டும்.

முதலாளியும் ஊத வேண்டும். முதலாளி ஊதுவது மட்டும் கைக்குட்டைக்குள் தும்முவதுபோல் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். திருத்தங்கல் அச்சகத்திலிருந்து லேபிள் புரூஃப் எடுத்துக்கொண்டு அவ்வப்போது அங்கே போகிற நானும் ஊதியிருக்கிறேன். நான் காலையில் தின்றது நேற்றுச் செய்த இட்லி என்பதை அவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். என் மனைவி அதை இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆரோக்கியத்துக்கு அறுபதுக்கு இந்தப் பக்கம் வயது. காக்கி அரைக்கால் சட்டை, தோளில் சிவப்புக் காசித் துண்டு. முகத்தில் மற்ற உறுப்புகளெல்லாம் மூக்குக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்கும். மீசை வாசத்தை வடிகட்டிவிடும் என்பதற்காக மீசை வைக்கவில்லை. பொடி போட்டதில்லை. பச்சை வெங்காயம் தொட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாம்பிராணி போடுகிற நாளாக இருந்தால் கோயிலின் கடைசி வரிசைக்குப் போய்விடுவார். ஆண்டவர் அங்கேயும் இருப்பார், மூக்குக்கு மாற்று கிடைக்காது என்று பங்குச் சாமியாரிடமே சொல்லியிருக்கிறார்.

அவருடைய இலாகாவில் இன்னோர் அதிகாரியும் உண்டு. பெயர் பாரா. செம்பழுப்பு நிறம், ஒரு காது மடிந்தது, நாட்டு நாய். வாய்க்காற்றை ஆரோக்கியம் பார்ப்பார். இடுப்புக்குக் கீழே உள்ளதைப் பாரா பார்க்கும். மேல்கோர்ட்டு ஆரோக்கியம், கீழ்க்கோர்ட்டு பாரா. வேட்டி மடியில் மறைத்த தீப்பெட்டி கீழ்க்கோர்ட்டிலேயே பிடிபட்டுவிடும்; அதற்கு அப்பீல் கிடையாது. பாரா குரைக்காது. குற்றவாளியின் முழங்காலில் மூக்கை வைத்துக்கொண்டு நின்றுவிடும். அந்த ஈர மூக்கைத் தாங்க முடியாமல் ஆட்கள் தாங்களாகவே தீப்பெட்டியை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

நாய்க்கும் வயதாகும் என்று கம்பெனியில் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. முதலில் கண் பால் கட்டியது. பாரா என்று பெயர் வைத்தவர்களுக்கு அது ஒரு நாள் பாராத பாராவாகும் என்று தெரியவில்லை. அடுத்தது காது. நாள் தவறாமல் சாம்பிள் வெடிகள் போடுகிற ஊரில் ஒரு நாய்க்குக் காது போய்விட்டது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்தில் வெடித்தால் முன்பும் அசையாது, இப்போதும் அசையவில்லை. சோறு வைத்துக் கூப்பிட்டபோது வராமல் இருந்ததில்தான் தெரிந்தது.

பிறகு குணம் மாறியது. மணல் வாளியைப் பார்த்து உறுமியது. அறை மூலையில் சுவருக்கு முகத்தைக் கொடுத்துக்கொண்டு, அங்கே யாரோ கதவைத் திறக்கப் போகிறார்கள் என்பதுபோல் நின்றது. பின்னாலிருந்து தொட்ட ஆரோக்கியத்தையே ஒருமுறை கவ்விவிட்டது. கவ்விய பிறகு ஆள் தெரிந்து, வெட்கப்பட்டு, சாப்பிடாமல் கிடந்தது. முதலாளியை மோந்து பார்த்துவிட்டு அவர் செருப்பின்மேல் காலைத் தூக்கியது. இதை வயதின் கோளாறு என்று ஆரோக்கியமும், நீண்ட நாள் ஆலோசனைக்குப் பிறகு எடுத்த முடிவு என்று தொழிலாளர்களும் கருதினார்கள்.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டார்கள். பொறுக்க முடியாமல் போனது ஊளை. மாலையில் சிவகாசியிலிருந்து வருகிற பஸ் கேட்டுக்கு எதிரே நின்று போன பிறகு அது தொடங்கும். கேட்டிலிருந்து வேப்பமரம், வேப்பமரத்திலிருந்து கேட்டு என்று நடக்கும். நின்று, மூக்கைத் தூக்கி, ஊளையிடும். திரும்பவும் நடக்கும்.

எந்த ஊரிலும் நாய் ஊளையிட்டால் யாராவது இருவர் துப்பிவிட்டுப் போவார்கள். பட்டாசுக் கம்பெனி வாசலில் ஊளையிட்டால் கதை வேறு. மருந்து கலக்கிற ஒச்சப்பன், ஊரிலேயே தைரியசாலி என்று பெயரெடுத்தவர், கையிலிருந்த சல்லடையைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார்.

“ஆரோக்கியம், அதுக்கு என்னமோ தெரியுதுய்யா. நாளைக்கு நான் வரல.”

“அதுக்குக் கண்ணும் தெரியல, காதும் கேக்கல. உம்ம விதி மட்டும் தெரியுதாக்கும்.”

“கண்ணு தெரியாததுக்குத்தான்யா அதெல்லாம் தெரியும்.”

மறுநாள் ஒச்சப்பன் வரவில்லை. அதற்கு மறுநாள் திரி வைக்கிற பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. தீபாவளி சீசன். வடநாட்டு ஆர்டர் வரிசையில் நிற்கிறது. முதலாளி தம் அறைக்கு ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார்.

“சனிக்கிழம லோடு ஏத்திட்டுப் போற லாரியில அதயும் ஏத்திவிட்டுரும். ஆனைக்குட்டம் ஆத்தங்கரையில எறக்கிவிட்டுருவாங்க. தண்ணி கெடக்கு, மீன் கெடக்கு. அது பாட்டுக்குப் பொழச்சுக்கிடும்.”

“கண்ணு தெரியாதே மொதலாளி.”

“அப்போ எந்த ஊருன்னும் தெரியப் போறதில்ல. அதுக்கென்ன வருத்தம்?”

சனிக்கிழமைக்குள் ஊளை நிற்க வேண்டும். இல்லாவிட்டால் பாரா போக வேண்டும். ஆரோக்கியத்துக்கு ஆலோசனை சொல்ல ஊரே திரண்டது. பஞ்சைச் சுருட்டிக் காதில் வைக்கச் சொன்னார்கள்; செவிட்டு நாய்க்குப் பஞ்சு வைத்தார். மந்திரித்த கயிறு கட்டச் சொன்னார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் கயிறு கட்டலாமா என்று யோசித்து, கழுத்துக்குப் பதிலாகக் காலில் கட்டினார். தீர்த்தம் தெளித்தார். மாட்டாஸ்பத்திரி டாக்டர், “வயசு. மனுஷனுக்கே இதுக்கு மருந்து இல்ல” என்றார். அவர் சொன்னது ஒன்றுதான் உண்மை. அதற்காக யாரும் அவரை மதிக்கவில்லை.

உருப்படியான யோசனை ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்தது. அங்கே செய்யது அபுதாஹிர் பழைய பேப்பர் மண்டி வைத்திருக்கிறார். வெடிக்குச் சுற்றுகிற காகிதம் அவரிடமிருந்துதான் வருகிறது. நாய்க்கும் தமக்கும் நடுவே எப்போதும் ஒரு ரோடு இருக்கும்படி பார்த்துக்கொள்வார்.

“தொடுறது எனக்குச் சரிப்படாது அண்ணாச்சி. யோசன சொல்றதுக்குத் தடையில்ல. எங்க வாப்பாவுக்குக் கண்ணு போனப்ப, செம்ப ஒரு சாண் தள்ளி வச்சாலும் அம்புட்டுக் கோவம் வரும். கோவம் இல்ல அது, பயம். வீட்டுல ஒரு சாமானையும் எடம் மாத்தல நாங்க. அதே கட்டில், அதே நேரம், அதே கஞ்சி. பெறகு சத்தமே இல்ல.”

“அது மனுஷன் பாய்.”

“வயசானா எல்லாம் ஒண்ணுதான். சோதிச்சுப் பாருங்க.”

அன்றிலிருந்து பாராவின் தண்ணீர்ச் சட்டி மண்ணில் பாதி புதைந்தது. படுக்கைச் சாக்கிலிருந்து சட்டி வரைக்கும், சட்டியிலிருந்து வேப்பமரம் வரைக்கும் பழஞ்சாக்கைக் கிழித்து ஒரு பாதை விரித்தார். காலுக்குச் சணல் தட்டினால் வழி சரி, மண் தட்டினால் தப்பு என்று நாய் ஒரே நாளில் படித்துக்கொண்டது. தொடுவதற்கு முன்னால் தரையை இரண்டு மிதி மிதிப்பார். அதிர்வு தெரிந்து அது திரும்பிய பிறகு புறங்கையை மூக்கிடம் நீட்டுவார். தாமே அதற்கு ஊதியும் காட்டுவார். அறையில் அரிக்கேன் விளக்கு இருட்டு விழுவதற்கு முன்பே எரியும். அவருடைய அறை வேலிக்கு வெளியே இருப்பதால் விளக்குக்குச் சட்டச் சிக்கல் இல்லை.

பகலெல்லாம் சரியாயிற்று. உறுமல் போயிற்று, சுவரோடு பேச்சுவார்த்தையும் போயிற்று. மாலை பஸ் போனதும் வருகிற ஊளை மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸும் வந்து போனது.

அந்த ஊளையின் காரணம் கம்பெனியில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காரணத்தின் பெயரை அந்தக் கேட்டில் சொல்லக் கூடாது.

ஆரோக்கியத்துக்கு ஒரே மகள். பெயர் இன்பம். தாயில்லாப் பிள்ளை. சிவகாசி ஆஸ்பத்திரியில் தீக்காயக்காரர்களுக்குக் கட்டுப் போடும் நர்ஸ். மாலை பஸ்ஸில் வெள்ளைச் சேலையும் டிஞ்சர் வாசமுமாக வந்து இறங்குவாள். ஆஸ்பத்திரிப் பின்கட்டில் கண் திறக்காமல் கிடந்த குட்டி ஒன்றை அப்படித்தான் ஒரு மாலை பஞ்சுப் பெட்டியில் வைத்து, முந்தானையால் மூடி, கொண்டுவந்தாள். பாரா முதன்முதலில் அறிந்த உலகம் அந்தப் பெட்டி. பெட்டி முழுக்க டிஞ்சர்.

விருதுநகரில் கம்பவுண்டராக இருந்த நேசகுமாரை அவளுக்குப் பிடித்திருந்தது. ஒழுக்கமான பையன், சொந்த ஜாதி, பீடி கிடையாது. ஊதச் சொல்லியிருந்தால் முதல் வகுப்பில் தேறியிருப்பான். ஒரே குறை, அவன் சி.எஸ்.ஐ.; இவர் ஆர்.சி.

பங்குச் சாமியாரே, “அவங்களும் சேசுவைக் கும்பிடுறவங்கதானப்பா” என்று சொல்லிப் பார்த்தார்.

“மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி பொருத்த மாட்டாக சாமி” என்றார் ஆரோக்கியம்.

தீக்குச்சி கிழிப்பவனை ஆயுள் முழுதும் விரட்டிய மனிதர், மெழுகுதிரி கொளுத்தாத ஒரே குற்றத்துக்காக மாப்பிள்ளையைத் தள்ளினார். உலகத்தில் எந்தப் பட்டாசுக் கம்பெனியும் நேசகுமாரை உடனே வேலைக்கு எடுத்துக்கொண்டிருக்கும்.

கல்யாணம் விருதுநகரில், அவர்கள் கோயிலில், இவர் இல்லாமல் நடந்தது. இன்பம் அங்கேயே ஆஸ்பத்திரிக்கு மாற்றல் வாங்கிக்கொண்டாள். ஆரோக்கியம் ஒரு சபதம் செய்தார்: அவள் பெயரை நான் சொல்ல மாட்டேன், என் காதுபட யாரும் சொல்லக் கூடாது. பஸ் ஏறிக் கண் அசந்தால் வந்துவிடும் விருதுநகரை அன்று முதல் ‘அந்த ஜங்ஷன்’ என்றுதான் சொல்கிறார். இதில் அவருக்கு நேர்ந்த சங்கடங்கள் கொஞ்சமல்ல. கோயில் பாட்டில் ‘இன்பம்’ என்ற சொல் வரும் இடத்தில் வாயை மூடிக்கொள்வார். டீக்கடை ரேடியோவில் அது எந்தக் காதல் பாட்டில் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. பாதி டீயில் எழுந்துபோயிருக்கிறார். ஊர் சும்மா இருக்குமா? “அந்த வீட்டில் ஆரோக்கியம் இருக்கு, இன்பந்தான் இல்ல” என்று ஒரு வசனம் செய்து, அவர் கேட்டுக்கு உள்ளே இருக்கும்போது வெளியிலும், வெளியே இருக்கும்போது உள்ளேயும் சொல்லிக்கொண்டது. வசனம் செய்தவன் யார் என்பதை நான் சொல்வதற்கில்லை.

மனிதர்கள் சபதத்துக்குக் கட்டுப்பட்டார்கள். பாராவிடம் யாரும் சொல்லவில்லை. இளமையில் அதற்கு வேலை இருந்தது, மறந்திருந்தது. கண்ணும் காதும் போய், வேலையும் போன பிறகு, பழைய பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை காலை. வாசல்படியில் பாரா முட்டிக்கொள்கிறது என்பதால், படி தெரியாமல் இருக்க ஒரு சரிவு அமைத்துவிடலாம் என்று மண்ணெண்ணெய் டின்னை வெட்டிக்கொண்டிருந்தார் ஆரோக்கியம். மாலையில் லாரியில் போகப் போகிற நாய்க்குக் காலையில் சரிவு எதற்கு என்று கேட்கக் கூடாது. கேட்ட செல்லப்பாண்டிக்கு வசவு கிடைத்தது. தகரம் உள்ளங்கையைக் கிழித்துவிட்டது. சிவகாசிக்குப் போய், டிஞ்சர் வைத்துக் கட்டுப் போட்டுக்கொண்டு, அதே மாலை பஸ்ஸில் வந்து இறங்கினார்.

பாரா கேட்டுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் நின்றது. மூக்கைத் தூக்கியது. ஊளை வரவில்லை. சாக்குப் பாதையை விட்டு, மண்ணில் இறங்கி, ஓட மறந்துபோன கால்களால் ஓடி வந்தது. கட்டுப் போட்ட கைக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு, வால் மட்டுமல்லாமல் பின்பாதி உடம்பே ஆட, குட்டிபோல முனகியது. பிறகு அவர் பாதத்தின்மேல் தலையை வைத்துத் தூங்கிப்போயிற்று. லாரி வந்தது. டிரைவர் ஆரனை அடித்தான். “தூங்குது, போப்பா” என்று ஆரோக்கியம் கையை ஆட்டினார்.

திங்கட்கிழமை ஒச்சப்பன் வேலைக்கு வந்தார். ஆபத்து விலகிவிட்டது என்று நாய்க்குத் தெரிந்துவிட்டதாம்.

புண் ஆறியது. கட்டை அவிழ்த்தார்கள். அவிழ்த்த மாலையே ஊளை வந்துவிட்டது. ஊரிலுள்ள எல்லா வாசங்களையும் பிரித்துச் சொல்லும் மூக்குக்கு அப்போதுதான் விஷயம் எட்டியது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று அபுதாஹிர் சொன்னார்.

மறுநாள் மருந்துக் கடைக்குப் போய் ஒரு பாட்டில் டிஞ்சர் கேட்டார்.

மதுவிலக்கு நடக்கிற மாகாணத்தில் டிஞ்சர் என்றால் இரண்டு அர்த்தம். ஒன்று புண்ணில் போடுவது. மற்றது, போலீஸுக்குத் தெரியாமல் போடுவது. பின்னது இஞ்சி டிஞ்சர். முன்னதைக் குடித்தால் ஆள் போய்விடுவான். ஆனால் ‘டிஞ்சர்’ என்று கேட்கிறவனை ஊர் எந்த டிஞ்சர் என்று கேட்பதில்லை. ஒரே கடையில் வாங்கினால் சந்தேகப்படுவார்கள் என்று ஆரோக்கியம் கடைக்குக் கடை மாற்றி வாங்கினார். குடிகாரர்களும் அப்படித்தான் வாங்குவார்கள் என்பது, பாவம், அவருக்குத் தெரியாது. காசித் துண்டின் ஒரு நுனியில் இரண்டு சொட்டு நனைத்துக் காயவைத்துத் தோளில் போட்டுக்கொள்வார். பாட்டில் வேலிக்கு வெளியே, அறையில். மாலையானால் துண்டு பாராவின் தலைமாட்டுக்குப் போகும். ஊளை இல்லை. காலையில் துண்டு தோளுக்குத் திரும்பும்.

ஊதச் சொல்கிறவரின் தோளிலிருந்து ஊதுகிறவர்களின் மூக்குக்கு வாசம் போக எவ்வளவு நாளாகும்? போயிற்று. முதலில் கிசுகிசு. அப்புறம் சிரிப்பு. ஒரு காலையில் செல்லப்பாண்டி வரிசையின் நடுவிலிருந்து குரல் கொடுத்தான்.

“எங்கள எல்லாம் ஊதச் சொல்றீகளே அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க ஊதுங்க, நாங்க பாக்கோம்.”

வரிசை சிரித்தது. அந்த நேரம் பார்த்து முதலாளியின் கார் வந்து நின்றது. விஷயம் சொல்லப்பட்டது. முதலாளி இறங்கிவந்து, பல வருஷங்களாகக் காத்திருந்த ஒரு சொல்லைச் சொன்னார்.

“ஊதும்.”

ஆரோக்கியம் ஊதினார். முதலாளிக்குத் தெரிந்தது கேப்பைக் கஞ்சி மட்டும்.

“வாயில ஒண்ணும் இல்லையே. அப்போ அந்தத் துண்டுல என்னது? டிஞ்சர்தான அது? எதுக்கு வச்சிருக்கீர்?”

நாய்க்கு என்று சொல்லியிருக்கலாம். நாய்க்கு எதற்கு டிஞ்சர் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதிலில் அந்தப் பெயர் வரும். ஆரோக்கியம் துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், மடித்தார், மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“குடிச்சேன் மொதலாளி.”

“என்ன?”

“டிஞ்சர் குடிச்சேன்.”

மதுவிலக்கு வந்த பிறகு குடித்தவர்கள் எல்லோரும் குடிக்கவில்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். குடிக்காத ஒருவர் குடித்தேன் என்று சாதித்ததும், அவர் வாயே அவருக்கு எதிராகச் சாட்சி சொன்னதும் அந்த ஒரு காலையில்தான் நடந்திருக்கும். குடிகாரன் கையில் கேட்டைக் கொடுத்துவிட்டு எந்த முதலாளி உறங்க முடியும்? வேலை போய்விடும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. வேலை போனால் அறையும் போகும். சாக்குப் பாதையும் போகும். நாய் அவர் காலடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தது.

சரம் பின்னுகிற வெள்ளைத்தாய் வரிசையை விட்டு வெளியே வந்தாள். அவளுடைய வலது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் வழவழவென்று மின்னும். முன்னொரு காலத்தில் வேறோர் ஊரில், வேறொரு கம்பெனியில் பட்ட தீ. துண்டின் நுனியைப் பிடித்து மோந்து பார்த்தாள்.

“இது புண்ணுக்குப் போடுற டிஞ்சர் மொதலாளி. கறையப் பாருங்க. குடிக்கிறதுன்னா இஞ்சி வாசமில்ல வரும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க வீட்டுக்காரரு குடிக்கிறவரு.”

முதலாளிக்கு மேற்கொண்டு விசாரிக்க விருப்பமில்லை. சீசன் நேரத்தில் கேட்டுக்கு வேறு மூக்கு எங்கே தேடுவது? “புண்ணு இருந்தா புண்ணுன்னு சொல்லும்யா” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வெள்ளைத்தாய் துண்டை அவர் தோளில் திரும்பப் போட்டாள்.

“இந்த வாசத்துக்குள்ளதாம்ணே நான் ஒரு மாசமாட்டம் கெடந்தேன். எரிச்சல்ல கத்துவேன். இந்த வாசம் பக்கத்துல வந்துட்டாச் சத்தம் போட மாட்டேன். உங்க நாய்க்கு இருக்குற புத்தி எனக்கும் இருந்துச்சு.”

“வரிசைக்குப் போ புள்ள” என்றார் ஆரோக்கியம். அன்று மீதிப் பேரை அவர் ஊதச் சொல்லவில்லை.

தீபாவளி போயிற்று. பொங்கல் போயிற்று. பங்குனியில் விருதுநகர் மாரியம்மன் பொங்கலுக்குப் போய்விட்டு, ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, வெள்ளைத்தாய் வேலைக்குத் திரும்பிய காலையில் நானும் புரூஃப் கட்டோடு வரிசையில் நின்றேன். அவள் கையில் காகிதம் சுற்றிய பொட்டலம் ஒன்று.

“என்னது அது?”

“துணி அண்ணாச்சி. ஒரு ஆஸ்பத்திரியம்மா குடுத்தாக. நாய்க்கு விரிச்சுப் போடச் சொன்னாக.”

“எந்த ஆஸ்பத்திரி?”

“அந்த ஜங்ஷன் ஆஸ்பத்திரிதான்.”

வெள்ளைத்தாய் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு, நாயிடம் சேதி சொல்வதுபோல, “நல்லா இருக்காகளாம். மாசமா இருக்காக. அவுக வீட்டுக்காரரு மாதா கோயில் வாசல் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு வெளிய நிப்பாராம். மெழுகுதிரிய அவரே வாங்கிக் குடுப்பாராம்” என்றாள்.

ஆரோக்கியம் கையை நீட்டினார்.

“கேட்டுக்கு வார சாமான் எதுவா இருந்தாலும் சோதிக்கணும்.”

“சோதிங்க. யாரு வேண்டாம்னா?”

காகிதத்தைப் பிரித்தார். துவைத்துத் துவைத்து நூலாகிப்போன வெள்ளைச் சேலை ஒன்று. துணி முழுதாக வெளியே வருவதற்குள் காலடியில் கிடந்த பாரா எழுந்துவிட்டது. குருட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு, அவர் முழங்காலில் முன்னங்கால்களை வைத்து நின்றது.

உள்ளே வேலை தொடங்குகிற சங்கு ஊதியது. வரிசை அசையவில்லை. எனக்குப் பின்னால் நின்ற செல்லப்பாண்டி, “என்ன வாசம் அண்ணாச்சி?” என்று கேட்க வாயெடுத்தான், வெள்ளைத்தாய் அவன் காலை மிதித்தாள்.

ஆரோக்கியம் முந்தானையைத் தாழ்த்தி நாயின் மூக்குக்குக் கொடுத்தார். மற்ற நுனியைத் தம் முகத்துக்குக் கொண்டுபோய், கண்களை மூடி, தலையை வலப்புறம் லேசாகச் சாய்த்து, சோதிக்கத் தொடங்கினார்.